மாடிக்கு ஒரு விரற்கடை

ககனம் ஹைட்ஸ் அடுக்ககத்தின் நான்காவது மாடிக்குத் தளம் போட்ட வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, நெடுங்கரை ஊர் மேற்கே ஒரு விரற்கடை சாய்ந்தது. அந்த நேரத்தில் என் அம்மா பச்சையம்மாள் கூடத்தில் உட்கார்ந்து சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கைதவறி விழுந்த ஒரு சுண்டைக்காய் நிற்காமல் உருண்டு, வாசற்படியில் குதித்து, காளவாய்த் தெருவில் இறங்கி, மேற்கே போய்க்கொண்டே இருந்ததாம். ஒரு காய்க்காக யார் எழுந்து போவது என்று அவள் அடுத்த காயை எடுத்துவிட்டாளாம். கேட்டால் இப்போதும் அப்படித்தான் சொல்கிறாள். எங்கள் ஊர் சாய்ந்ததற்கு ஊர் காட்டிய முதல் எதிர்ப்பு அவ்வளவுதான்.

ஐந்தாவது மாடிக்கு இன்னொரு விரற்கடை. ஆறாவதுக்கு இன்னொன்று. பத்தடி அகலமுள்ள ஓர் அறையில் கிழக்குச் சுவரோரத் தரைக்கும் மேற்குச் சுவரோரத் தரைக்கும் உள்ள வித்தியாசம் அது. ஏரிக்கரையிலிருந்து ரயில்வே கேட்டு வரை எந்த வீட்டில் அளந்தாலும் ஒன்றாகவே இருந்தது. சாய்ந்ததெல்லாம் டவர் என்று நாங்கள் சொல்லும் அந்த அடுக்ககம் இருக்கும் திசையில்தான். டவர் மட்டும் சாயவில்லை. அது தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக நின்றது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று என் வகுப்பில் கேட்கிறார்கள். என்னோடு நகர நிர்வாகம் படிக்கிற பிள்ளைகள், கொந்தளித்திருப்பார்களே, மறியல் செய்திருப்பார்களே என்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதலில் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வந்தது, பிறகு பீரோவுக்கு, பிறகு சாமி மாடத்துக்கு. சோற்றுத் தட்டில் குழம்பு ஒரு பக்கம் போய்ச் சேர்வதால் பொரியலை மேற்கேயும் சோற்றைக் கிழக்கேயும் வைக்கப் பழகினார்கள். பேருந்து ஓட்டுநர்கள் ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு டவர் வாசல் வரை சும்மாவே வந்தார்கள், திரும்பும்போது முதல் கியரில் முனகினார்கள். ஆட்டோக்காரர்கள் மேடேற இருபது ரூபாய் கூடக் கேட்டார்கள், கொஞ்ச நாளில் அது பேரமில்லாத இருபது ஆகிவிட்டது. கல்யாணத்தில் பெண் வீட்டார் கிழக்கேயா மாப்பிள்ளை வீட்டார் கிழக்கேயா என்று சண்டை வந்து, முகூர்த்தம் வரை ஒருவர், அதற்குப் பின் மற்றவர் என்று பேசி முடித்தார்கள். ஆசாரி ஒருவர் கதவு செய்வதை விட்டுவிட்டு மரமுட்டு மட்டும் செய்தார், சின்ன முட்டு, பெரிய முட்டு, கிரைண்டர் முட்டு என்று மூன்று அளவில். நாய்கள்கூட தலையைக் கிழக்கே வைத்துத்தான் படுத்தன. குழாய்த் தண்ணீர் எங்களுக்குச் சொட்டாக வந்து டவர் தொட்டிக்கு ஆறாக ஓடியது. அதற்கும் யாரும் கத்தவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும் என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு கீழே போனார்கள். இறங்குவது சுலபம். ஏறுவதுதான் ஊரையே களைக்க வைத்தது. சாயங்காலம் வேலை முடிந்து டவர் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு ஏறும் ஜனங்களின் முகத்தைப் பார்த்தால், பேச வேண்டியதையெல்லாம் பாதி வழியிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். கெண்டைக்கால் வலிக்குத் தைலம் இல்லாத வீடு காளவாய்த் தெருவில் கிடையாது.

என் அப்பாவுக்குக் கெண்டைக்கால் வலி இல்லை. அவர் நாற்காலி வண்டியில் இருக்கிறார்.

தணிகாசலம் மேஸ்திரி என்றால் செங்கல்பட்டு வரை தெரியும். ஒரு சுவரைக் கண்ணாலேயே பார்த்து, கால் அங்குலம் வெளியே போயிருக்கிறது என்று சொல்லுவார், நூல் பிடித்தால் கால் அங்குலம்தான் இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வேலையில், சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் தன்னுடையது இல்லை என்று ஆன பிறகும் மனிதர் வீட்டில் உட்காரவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குத் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு தெருவின் கடைசியில் இருக்கும் மொய்தீன் பாய் டீக்கடைக்குப் போவார், ஒரு டீ, ஒரு பேப்பர், ஊர்க்கதை, பத்து மணிக்குத் தானே தள்ளிக்கொண்டு வருவார். அதை அவர் ஒருநாள்கூடப் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் அந்தத் 'தானே'தான் அவருக்கு மிச்சமிருந்த இரண்டு கால்.

ஏழாவது மாடி வரை சமாளித்தார். எட்டாவது மாடிக்குப் பிறகு போகும்போது தள்ளவே வேண்டியிருக்கவில்லை, வரும்போது பாதியில் நின்றுவிட்டார். இரண்டு பேர் பிடித்துத் தள்ளி ஏற்றினார்கள். மறுநாளும் இரண்டு பேர். மூன்றாம் நாள், "டீ இங்கியே போட்டுக் குடு பச்ச, ஒரு டீக்காக நாலு பேரைக் கூலியில்லாம வேலை வாங்கணுமா" என்றார். அதோடு சரி. பதினான்காவது மாடி போட்டபோது வீட்டுக்குள்ளேயே சக்கரத்துக்கு முட்டு வைக்க வேண்டியதாயிற்று. முட்டை எடுத்தால் மேற்குச் சுவரில் போய் இடிப்பார். வண்டி பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டு அம்மா வேலைக்குப் போவாள்.

அப்போதுதான் நகராட்சி விழித்தது. ஊரைச் சமன்படுத்தும் திட்டம் என்று ஒரு நோட்டீஸ். ஏரிக்கரைப் பக்கம் மண்ணெடுத்து, மேற்கே தாங்குசுவர் கட்டி, குழாயெல்லாம் மாற்றி, ஒவ்வொரு தெருவாக நிமிர்த்தப் போகிறார்களாம். அதற்கான பணத்துக்கு இரண்டு வழி. ஒன்று, எல்லா வீட்டுக்கும் சொத்து வரியைக் கூட்டுவது. இரண்டு, மாடிக்கு மாடி சதுர அடிக் கணக்கில் டவர்க் கம்பெனியிடம் வளர்ச்சிக் கட்டணம் வாங்குவது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். நகராட்சித் திருமண மண்டபம், ஞாயிறு காலை பத்து மணி.

எனக்கு இதில் கருத்து என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. தெருவில் ஒருவன் இன்னொருவன் சைக்கிளை இடித்து வளைத்துவிட்டால், சைக்கிள் வைத்திருக்கும் எல்லோரும் ஆளுக்குப் பத்து ரூபாய் போட வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? இதைச் சொல்ல எம்.ஏ. எதற்கு? இருந்தாலும் பத்துப் பக்கம் குறிப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கிழக்கே காளவாய்த் தெருக்காரர்கள், நடுவில் கவுன்சிலர் ஜெயக்கொடி, மேற்கே டவர்க்காரர்கள். பேச்சில் சூடேற ஏற, ஆட்கள் அசைய அசைய, நாற்காலிகள் வழுக்கி வழுக்கி மேற்கே போய், அரைமணி நேரத்தில் இரண்டு கட்சியும் ஒரே சுவரோரம் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் பத்துப் பக்கக் குறிப்பு டவர் சங்கச் செயலாளர் வெங்கடரமணன் சாரின் மடியில் கிடந்தது. அவர் நல்ல மனிதர். எடுத்து அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் எதிர்த்துப் பேசினார்.

"நீ படிச்ச பொண்ணு, கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. நாங்க பத்திரச் செலவு கட்டியாச்சு. ஜி.எஸ்.டி. கட்டியாச்சு. இன்னும் பத்தொம்பது வருஷம் லோன் கட்டணும். கம்பெனிக்குக் கட்டணம் போட்டா அவன் கைக்காசையா தருவான்? எங்க தலையிலதான் இறக்குவான்."

"வித்த வீட்டுக்கு எப்படி சார் இறக்குவான்? இனிமே போடற தளத்துக்கு, கலவை கொட்டறதுக்கு முன்னாடியே வாங்கணும்னுதான் நாங்க கேக்கறோம். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நாங்க என்ன மாடியா கட்டினோம்? எங்க வீடு நாப்பது வருஷமா அதே ஓட்டு வீடு."

"சாய்வு, சாய்வுன்றீங்க. எங்க ஃபிளாட்டுல கோலிகுண்டு வெச்சா வெச்ச எடத்துல நிக்குது."

"உங்க வீட்டுல நிக்கும் சார். உங்க வீட்டால எங்க வீட்டுல ஓடுது."

கைதட்டினார்கள். கைதட்டியதில் எல்லோரும் இன்னும் அரையடி மேற்கே போனோம்.

மொய்தீன் பாய் எழுந்தார். அவர் கடை பள்ளத்தில் இருக்கிறது, சாய்ந்த பிறகு வியாபாரம் இரண்டு மடங்கு. "நான் உண்மையச் சொல்லிடறேன். இறங்கி வர்ற சனமெல்லாம் ஏறப் பயந்துக்கினு என் கடையிலதான் உக்காருது. ஊர் நிமிந்தா எனக்கு நட்டம். ஆனா மேஸ்திரி உக்கார்ற எடம் ஒரு வருசமா காலியா கெடக்குது. அதைப் பாத்துக்கினு டீ ஆத்த முடியல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாற்காலி அந்த இடத்தில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் மடியில் உட்கார்ந்தார்.

ஜெயக்கொடி அக்கா களைத்துப்போன குரலில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரேணு, நீ சொல்றதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா வரின்னா கமிஷனர் ஒரு நோட்டீஸ் ஒட்டினா முடிஞ்சுது. கட்டணம்னா அவங்க வக்கீலோட வருவாங்க. அதுக்குக் கையில ஆதாரம் வேணும். புதன்கிழமை சர்வேயர் வருவாரு. காளவாய்த் தெருவுல இருபது வீடு அளப்பாரு. சாய்வு இருக்குதுன்னு அவரு எழுதிட்டா, கட்டணத்துக்கு நானே தீர்மானம் கொண்டாறேன்."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். பதினோரு விரற்கடை சாய்வை எந்த சர்வேயர் பார்க்காமல் போவான்? அந்தச் சந்தோஷத்தில், முப்பத்திரண்டு பக்க மனுவைத் தட்டச்சு செய்து, பேராசிரியரிடம் காட்டி, ஆறு பிரதி எடுத்து வரப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் என் தெரு என்ன செய்யும் என்று, அதே தெருவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஓர் அதிகாரி வீட்டுக்குள் வருகிறார் என்றால், ரேஷன் கார்டு சரிபார்க்கிறவரோ, மக்கள்தொகை எடுக்கிற டீச்சரோ, யாராக இருந்தாலும், முதல்நாளே வாசல் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, இரவல் வாங்கியாவது ஒரு நல்ல நாற்காலி போட்டு, நல்ல டம்ளரில் காபி கொடுத்தால்தான் மரியாதை. உதவித்தொகை கேட்டு மனுக் கொடுக்கப் போனாலும் இஸ்திரி போட்ட சட்டையோடு போகிற ஜனம்.

புதன்கிழமை காலை நிறுத்தத்தில் இறங்கி, மனுக்கட்டைச் சுமந்துகொண்டு மேடேறினேன். தெரு முழுக்கக் கோலம். சுவரெல்லாம் வெள்ளை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு படி புதிதாக முளைத்திருந்தது. ஏறி உள்ளே கால் வைத்ததும் தடுமாறி விழப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாகச் சாய்ந்தே நடந்த காலுக்குச் சமதரை புரியவில்லை.

கூடத்தின் நடுவில், தெருவின் நடுவில் இருக்கும் கஜலட்சுமி அக்கா வீட்டிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலியில், சர்வேயர் அருளானந்தம் உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர் நிறையக் காபி, விளிம்பு வரை, ஒரு பக்கமும் சரியாமல். அவர் காலடியில், பளபளவென்று மெழுகிய புதுச் சிமெண்டுத் தரையில், ரசமட்டம் கிடந்தது. அதன் கண்ணாடிக்குள் குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில், அசையாமல், தூங்குகிற மாதிரி இருந்தது.

"இது பத்தொம்பதாவது வீடுங்க" என்றார் அருளானந்தம். "எல்லாம் ஒரே மாதிரி. இவ்ளோ மட்டமான தரை கலெக்டர் ஆபீஸ்ல கெடையாது."

"சார், இது புதுசா போட்டது. கீழ இருக்கிற தரை சாய்வு சார்!"

"கீழ இருக்கிறதை நான் எப்படிம்மா அளக்கறது?"

"தெருவை அளங்க. வெளிய வாங்க, ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுக் காட்டறேன்."

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். "'வீட்டின் உட்தரை'ன்னுதான் உத்தரவு. தெரு நகராட்சிச் சொத்து. தெரு சாய்வா இருந்தா மழைத்தண்ணி வடியறதுக்குன்னு எழுதிக்குவாங்க." காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்திருக்கும்போது, மனசு கேட்காமலோ என்னவோ, மெதுவாகச் சொன்னார். "இன்னொண்ணும்மா. தரையை உசத்தினது புதுக் கட்டுமானக் கணக்குல வந்துடும். அதையும் நான் எழுதித்தான் ஆகணும். அதுக்கும் சேத்து வரி வரும்."

அவர் போன பிறகு அப்பாவிடம் திரும்பினேன். அப்பா தன்னோடு முன்பு வேலை செய்த இரண்டு கொத்தனார்களை வரவழைத்து, செங்கல் ஜல்லி கொட்டச் சொல்லி, வண்டியில் உட்கார்ந்தபடியே டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, முதலில் எங்கள் வீடு, அதைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து எதிர்வீடு, இரண்டே நாளில் இருபது வீட்டையும் நிமிர்த்தி வைத்திருந்தார். செலவுக்குத் தெருவே சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுத்திருந்தது.

"என்னப்பா செஞ்சு வெச்சிருக்க? அவரு வந்ததே சாய்வைப் பாக்கத்தான்!"

"சாய்வைத் தெருவுல பாக்கட்டுமே. டவருல ஏறி நின்னு பாக்கட்டும். வீட்டுக்குள்ள எதுக்கு வர்றான்? சர்க்கார் ஆளு வந்து, தணிகாசலம் மேஸ்திரி வூட்டுத் தரை பதினோரு விரல் எறங்கியிருக்குதுன்னு எழுதிக்கினு போவான், நான் பாத்துக்கினு உக்காரணுமா? முப்பது வருசம் ஊருக்கெல்லாம் மட்டம் பாத்தவன்டி நான்."

"உன் மானத்தால இருபது வீட்டுக்கு வரி ஏறப் போவுது. அவன் பதினஞ்சாவது மாடியும் சும்மா கட்டப் போறான். இதைத்தான் அவங்க எதிர்பாக்கறாங்க, நாம நம்ம செலவுல நிமிந்துக்கணும், நிமிந்ததுக்கு நம்மகிட்டயே வரி வாங்கணும், அப்புறம் சாய்வே இல்லன்னு..."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். எனக்கு வாதம் வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. அப்பா சக்கரத்தில் கை வைத்தார். முட்டு இல்லை. வண்டி மெல்ல நகர்ந்தது, கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் போய், பானையடியில் நின்றது. மூடியை எடுத்தார், சொம்பால் மொண்டார், அண்ணாந்து குடித்தார், சொம்பைக் கவிழ்த்து வைத்தார், வண்டியைத் திருப்பினார், கூடத்தைக் கடந்து ஜன்னலருகே வந்து நின்றார். யாரும் தொடவில்லை.

"நேத்துலேருந்து நானே மொண்டு குடிக்கிறேன்" என்றார்.

நான் மனுக்கட்டைக் கட்டிலில் இறக்கி வைத்தேன்.

மறுமதிப்பீடு கேட்டுப் பதினைந்து நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அருளானந்தத்தின் அறிக்கையை வைத்து வந்த வரி ஆணையின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. செய்தேன். சர்வேயர் ஆபீசுக்குப் போய் அருளானந்தத்தைப் பார்த்தேன். "மறுபடி வர்றேம்மா. திங்கக்கெழம. ஆனா பாக்காததை எழுத மாட்டேன். தரை மட்டமா இருந்தா மட்டம்னுதான் எழுதுவேன்" என்றார். இதை வீட்டில் சொன்னேன். சொன்னதோடு சரி. தரையை உடைக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அப்பா அந்த நாட்களில் வீட்டுக்குள் எத்தனை தடவை போய் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? பானைக்கும் ஜன்னலுக்கும், ஜன்னலுக்கும் பீரோவுக்கும், காரணமே இல்லாமல். அம்மா வேலைக்குப் போகும்போது சொம்பு வைக்க மறந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கட்டிலில் உட்கார்ந்து மேல்முறையீட்டுக்குக் கூடுதல் காரணங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். சமையலறையில் டங்கென்று ஒரு சத்தம். எழுந்து ஓடினேன்.

அப்பாவின் கையில் கடப்பாரை. வண்டிச் சக்கரத்தை அம்மா முழங்காலால் முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தாள். பானைக்கு முன்னால், அவர் தினமும் போய் நிற்கும் இடத்தில், புதுத் தரை நட்சத்திரமாக வெடித்திருந்தது.

"அப்பா, வேணாம்."

"எத்தினி காரணம் எழுதியிருக்க?"

"பத்தொம்பது."

"எல்லாம் நல்ல காரணமாத்தான் இருக்கும். ஆனா அந்த ஆளு அதையா படிக்கப் போறான்? அவன் படிக்கிறது குமிழியைத்தான்." இன்னொரு குத்து. "நகரு, கல்லு தெறிக்கும்."

"இந்த வீட்ட விட்டுருப்பா. மத்த வீட்டுல கேப்போம். ஒரு வீடு மட்டமா இருந்தா ஒண்ணும் ஆவாது."

"மட்டம் பாக்கச் சொன்னது நானு. மொத வீடு இதுதான் ஆரம்பிச்சுது. இந்த வீட்ட வெச்சுக்கினு அடுத்தவனை உடைன்னு சொல்லச் சொல்றியா? நல்லாப் படிச்ச போ."

சமையலறையிலிருந்து ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வாசல் வரை வந்தார். தான் நிற்கும் இடத்தைக் கடைசியாக விட்டுவிட்டு முன்னால் இருப்பதை உடைத்துக்கொண்டே வந்தார். அம்மா ஜல்லியை அள்ளிக் கொட்டினாள். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, "கலவை நல்லா புடிச்சிருக்குது, உடைய மாட்டேங்குது" என்றாள். அப்பா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. வேலையைப் பாராட்டினால் அவருக்கு வரும் சிரிப்பு.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டது. அப்புறம் எதிர்வீட்டில். சாயங்காலத்துக்குள் எங்களோடு சேர்த்துப் பத்தொன்பது வீடு. கஜலட்சுமி அக்கா மட்டும் முடியாது என்றார். "நான் டைல்ஸ் ஒட்டிட்டேன்டி, வெங்காய டிசைனு, உடைச்சா மனசு தாங்காது" என்றார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மனசு தாங்காது என்றால் தாங்காதுதான்.

திங்கட்கிழமை அருளானந்தம் வந்தார். இந்தத் தடவை சுண்ணாம்பு இல்லை, கோலம் இல்லை, நல்ல நாற்காலி இல்லை. காபி மட்டும் கொடுத்தோம், அதைக் கொடுக்காமல் இருக்க எங்களால் முடியவில்லை. அவர் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி கிழக்கு ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது, ரசமட்டமே வழுக்கி மேற்குச் சுவருக்குப் போய்விட்டது. எடுக்கக் குனிந்தவர் தானும் நாலு அடி தள்ளாடிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஏற்கெனவே அப்பா இருந்தார், முட்டில்லாமல், சுவரில் சக்கரம் இடிக்க.

"மேஸ்திரி, அன்னிக்கு இங்க உக்காந்து காபி குடிச்சேனே, அந்தத் தரை எங்க?"

"உன் குமிழி தின்னுடுச்சு. எழுதிக்கோ. பதினோரு விரல்."

அருளானந்தம் அளந்தார். பதினோரு விரல். சுவரில் தாளை வைத்து, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோணல் கையெழுத்தில் எழுதினார். டம்ளரில் காபி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

ஜெயக்கொடி அக்கா சொன்ன சொல் தவறவில்லை. வரி உயர்வு கிடையாது, இனி போடும் ஒவ்வொரு மாடிக்கும் கம்பெனி வளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. பதினெட்டு கவுன்சிலர்கள் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. மொய்தீன் பாய் தெருவுக்கே இலவச டீ கொடுத்தார். ஒன்பதாவது நாள் கம்பெனி வக்கீலோடு நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை கிடைத்தது. உத்தரவைத் தரவிறக்கி மூன்று தடவை படித்தேன். தடை கட்டணத்துக்குத்தான். கட்டடத்துக்கு இல்லை. வழக்கு முடிகிற வரைக்கும் எங்களுக்கு வரியும் ஏறாது, ஊரும் நிமிராது, அவர்கள் பாட்டுக்குக் கட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்த வாய்தா தை மாதம்.

அன்று அதை வாசித்துக் காட்டியபோது அப்பா கடைசி வரி வரை கேட்டார். பிறகு, "சக்கரத்து முட்டை எடு" என்றார்.

"எதுக்கு?"

"டீக்கடைக்கு. எறங்கறதுக்கு யார் தயவும் வேணாமில்ல?"

"ஏறறது?"

"அதுக்குத்தான் உன்னைப் பெத்து வெச்சிருக்கேன்."

இப்போது தினமும் ஏழு மணிக்கு அப்பா கிளம்புகிறார். காளவாய்த் தெருவில் அவர் வண்டி இறங்கும்போது பிரேக்கில் கை வைத்தபடி ராஜா மாதிரி போகிறார். வாசலில் பல் விளக்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் போகாத நாட்களில் பத்து மணிக்கு நான் இறங்கிப் போய்த் தள்ளிக்கொண்டு வருகிறேன், மற்ற நாட்களில் அம்மா, இல்லாவிட்டால் யாராவது. ஒருநாள் வெங்கடரமணன் சார் ஒரு கை கொடுத்தார். மேடு இவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியாதாம். மூச்சு வாங்கியபடி, "லோன் மட்டும் இல்லேன்னா நானே சாட்சி சொல்வேன்மா" என்றார்.

நேற்று நான் தனியாகத்தான் தள்ளினேன். தள்ளிக்கொண்டே தை மாத வாய்தாவுக்கான வாதத்தை அப்பாவிடம் சொன்னேன். முதலில், வரி என்பது இருப்பதற்கு, கட்டணம் என்பது செய்வதற்கு. இரண்டாவது, இருக்கிறவனிடமே செய்தவனின் பங்கையும் வாங்கினால்... பாதி மேட்டில், கஜலட்சுமி அக்கா வீட்டுக்கு நேராக, மூச்சு முட்டிப் பேச்சு நின்றுவிட்டது.

கீழே கலவை இயந்திரம் உறுமியது. பதினைந்தாவது மாடிக்குத் தளம் போடுகிறார்கள். வண்டி என் கையில் ஒரு விரற்கடை பின்னால் வந்தது. சக்கரத்துக்குப் பின்னால் என் காலை முட்டுக் கொடுத்தேன்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்:

"ம். ரெண்டாவதுன்னு ஏதோ சொல்லிக்கினு இருந்தியே. விட்ட எடத்துலேருந்து சொல்லு."